கலைவாணர் காட்டிய நகைச்சுவை நெறி

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற விழாவிலே மாணவர்கள் ஒரு நகைச்சுவை நாடகம் நடித்தார்கள். எழுதியவர்கள் மாணவர்களே, வாசித்துத் திருத்தி ஒப்புதல் அளித்தவன் நான். கதை மிகச் சிறியது. சம்பள நாளன்று குடித்துவிட்டு லயத்துக்குத் திரும்புகிறார் ஒரு தோட்டத்துக் கிழவர். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார். நாக் குழறப் பேசுகிறார். பேரன் கேட்கும் கேள்விக்கெல்லாம் பொருந்தாத விடை சொல்கிறார். கிழவராக நடித்த மாணவன் கெட்டிக்காரன். அவன் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் மண்டபம் அதிர்ந்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும் வேளையில், பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி தனியே நிற்கக் கண்டேன். "என்ன மகள், நாடகம் பிடித்ததா?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு சேர்" என்றாள். சிறிது பொறுத்து, "எங்க தாத்தாவும் அப்படித்தான் நடப்பாரு. மலையில விழுந்து கால் ஒடிஞ்சு போச்சு. ஆனா அவரு குடிக்க மாட்டாரு, சேர்" என்றாள்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, குறை கூறவுமில்லை. அன்று மாலை மாத்தளை வீதியில் பஸ்ஸேறி, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை கடந்து அலவத்துகொடவில் உள்ள என் வீட்டை அடையும் வரையில் அந்தச் சொற்களே காதில் ஒலித்துக்கொண்டிருந்தன. நகைச்சுவை எங்கே முடிகிறது, ஏளனம் எங்கே தொடங்குகிறது? இருபது ஆண்டு தமிழ் கற்பித்த எனக்கு இந்தக் கேள்வி அன்றுதான் பிறந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

விடை தேடிய எனக்குத் துணை நின்றவர் ஒருவர். அவர் பெரும் புலவரல்லர். பள்ளிப் படிப்பையும் நிறைவு செய்யாதவர். விகடனாக மேடை ஏறி, திரைப்பட நடிகராகி, இறுதியில் படங்களை இயக்கியும் காட்டிய கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அவர்களே அவர்.

நகையின் வாயில்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். அவற்றுள் முதலில் வைத்தது நகையை. அந்த நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு வாயில்களால் பிறக்கும் என்பது அவர் கொள்கை. எள்ளல் என்பது இகழ்ச்சி. இளமை என்பது பிள்ளைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது கேட்டதை அப்படியே நம்பிவிடும் வெள்ளையுள்ளம். உரையாசிரியராகிய பேராசிரியர் இன்னும் ஒரு படி சென்று, நாம் பிறரை எள்ளி நகுவதும் உண்டு, பிறர் நம்மை எள்ளும்போது நாமே நகுவதும் உண்டு என்று பிரித்துக் காட்டுகிறார்.

எங்கள் நாடகம் முதல் வகையைச் சேர்ந்தது. மேடையில் இல்லாத ஒருவரை, விடை சொல்ல இயலாத ஒருவரை, மற்றவர்கள் சேர்ந்து எள்ளினோம். கலைவாணரின் வாழ்நாள் முயற்சியோ இரண்டாம் வகையைத் தேடிச் சென்றது. தம்மையே பேதையாக்கிக்கொண்டு, பார்ப்பவன் தன் பேதைமையைத் தானே கண்டு சிரிக்கும்படி செய்வதே அவர் கைக்கொண்ட வழி.

ஒழுகினசேரிச் சிறுவன்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் கிருஷ்ணன். வறுமை அவரைத் தொடக்கப் பள்ளியோடு வெளியேற்றியது. டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்தார்; நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்றார். தின்பண்டத் தட்டோடு உள்ளே போன சிறுவனின் கண் மேடையிலேயே நின்றுவிட்டது.

நாஞ்சில் நாடு வில்லுப்பாட்டின் தாயகம். கோவில் கொடை விழாக்களிலே இரவு முழுதும் வில்லடித்துக் கதை சொல்வார்கள். கதை சொல்பவர் நடுவே நிறுத்தி ஒரு வேடிக்கை சொல்வார். பக்கப் பாட்டுக்காரர் ஆமாம் போடுவார். மக்கள் சிரித்துக்கொண்டே அறம் கேட்பார்கள். பிற்காலத்தில் கலைவாணர் செய்த அனைத்துக்கும் வித்து இந்த வில்லடியிலேதான் இருக்கிறது. அக்கலையைத் தெய்வக் கதையோடு நிறுத்தாமல் காந்தியடிகளின் கதைக்கும் சமூகச் சீர்திருத்தத்துக்கும் பயன்படுத்தினார். அவரோடு பணிசெய்த சுப்பு ஆறுமுகம் அதைத் தமிழகமெங்கும் எடுத்துச் சென்றார். ஈழத்திலே யாழ்ப்பாணத்துச் சின்னமணி வில்லிசைக்குப் பேர் தேடித் தந்ததை நம்மவர் அறிவர்.

1925ஆம் ஆண்டளவில் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலே கிருஷ்ணன் சேர்ந்தார். அக்காலத்து நாடகக் கம்பெனி, இளைஞர்களுக்கு ஒரு குருகுலம் போன்றது. பாட்டு, வசனம், வேடம், ஒழுங்கு யாவும் அங்கேதான் கற்க வேண்டும். நோயுற்ற நடிகனுக்குப் பதிலாக எந்த வேடத்தையும் ஏற்கவும் வேண்டும். எல்லா வேடமும் தெரிந்தவனே நல்ல விகடனாக முடியும் என்பதற்குக் கிருஷ்ணன் சான்று.

நமது மலைகளைத் தொட்ட படம்

டி. கே. எஸ். குழுவினரின் 'மேனகா' 1935ஆம் ஆண்டு படமானபோது கிருஷ்ணனும் திரைக்கு வந்தார். அடுத்த ஆண்டு வந்தது 'சதி லீலாவதி'. மலையகத் தமிழர் இப்படத்தைச் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். எஸ். எஸ். வாசன் எழுதிய கதை அது; இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். எம். ஜி. இராமச்சந்திரனும் டி. எஸ். பாலையாவும் திரையுலகில் அடியெடுத்து வைத்ததும் இப்படத்திலேதான்.

சென்னையிலே குடியால் கெட்ட கதாநாயகன், கொலை செய்துவிட்டோம் என்று அஞ்சி, இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்திலே கூலியாகிறான். தமிழ்ப் பேசும் படம் பிறந்து ஐந்தே ஆண்டுகள் ஆன நிலையில், நம் பாட்டனார் பிழைக்க வந்த மலை தமிழ்த் திரைக்கதையிலே இடம்பெற்றுவிட்டது. அதுவும் குற்றவாளியின் புகலிடமாக! அந்தப் படத்திலே சிரிப்பூட்ட வந்தவர் கிருஷ்ணன். தம்முடைய நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்துக்கொள்ளும் வழக்கத்தை அவர் தொடக்க நாளிலேயே மேற்கொண்டார்.

அதே 1936ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பால் சார்லி சாப்ளின் 'மாடர்ன் டைம்ஸ்' படத்தை வெளியிட்டார் என்பதையும் இங்கே நினைக்கலாம். லண்டன் மாநகரின் வறுமையிற் பிறந்து, மேடை விகடனாகி, நடிகராகி, இயக்குநரானவர் அவர். யந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் தத்தளிக்கும் தொழிலாளியாக அவரே நடித்தார். நாம் சிரித்தது தொழிலாளியைக் கண்டா, அவனை ஆட்டிவைத்த யந்திரத்தைக் கண்டா? இந்த வேறுபாட்டை அறிந்தவனே பெருங் கலைஞன்.

ஈருயிர் ஒரு சிரிப்பு

'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனாவுக்குச் சென்றபோது டி. ஏ. மதுரம் அம்மையாரின் அறிமுகம் கிடைத்தது. பின்னர் இருவரும் வாழ்விலும் கலையிலும் இணைந்தனர். அக்காலத்து விகடக் காட்சிகளிலே பெண் பெரும்பாலும் அடிபடுபவளாகவோ அசடாகவோ வருவாள். மதுரம் அப்படி வரவில்லை. கணவன் வீறாப்புப் பேசுவான். மனைவி ஒரு கேள்வியால் அவனைத் தரையிலே இறக்கிவிடுவாள். தோற்பவர் கிருஷ்ணன், கைதட்டு மதுரத்துக்கு. தாம் தோற்பதற்குத் துணிந்த விகடன் அவர்.

'சகுந்தலை', 'அசோக்குமார்', 'மங்கம்மா சபதம்', 'ஹரிதாஸ்', 'சந்திரலேகா' என்று அவர் நடித்த படங்கள் பல. கிருஷ்ணன் குழுவினரின் நகைச்சுவையைத் தனியே படமாக்கி, முக்கியக் கதையோடு இணைப்பது வழக்கமாயிற்று. சோர்ந்து கிடந்த படங்களுக்கும் அது உயிர் கொடுத்தது. எழுத்து, பாட்டு, நடிப்பு, காட்சியமைப்பு என எல்லாவற்றையும் அவரே மேற்பார்வை செய்ததால், இயக்குநர் என்ற பெயர் கிடைப்பதற்கு நெடுநாள் முன்னரே அவர் இயக்குநராகிவிட்டார் என்று சொல்லலாம்.

சிறையும் மீட்சியும்

புகழின் உச்சியிலே இடி விழுந்தது. 1944ஆம் ஆண்டு நவம்பரில், 'இந்து நேசன்' பத்திரிகையாசிரியர் லட்சுமிகாந்தன் சென்னையிலே கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் மாண்டார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945ஆம் ஆண்டு மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் முறையீட்டைத் தள்ளியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்காகத் திரும்பி வந்தது. 1947ஆம் ஆண்டு ஏப்ரலிலே இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலை பெற்றனர்.

இந்த இடைக்காலத்தில் மதுரம் அம்மையார் காட்டிய மனவுறுதி பெரிது. கணவர் சிறையிலிருக்க, எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என். எஸ். கே. நாடக சபாவை நடத்தினார். வழக்குக்குப் பொருள் தேடினார். அவர்கள் நடித்த 'பைத்தியக்காரன்' நாடகம் 1947ஆம் ஆண்டிலே படமாக வந்தது.

மீண்டு வந்த பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. கிருஷ்ணனோ பட்ட துன்பத்தையே கலையாக்கினார். சிறைக்குப் போய் வந்த கதையைப் 'பைத்தியக்காரன்' படத்திலே தாமே பாட்டாகப் பாடி, மக்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் செய்தார். தம்மைச் சிறைக்கு அனுப்பியவர்களை எள்ளி நகையாட அவருக்கு உரிமையிருந்தது. அதை விட்டுத் தம் நிலையையே வேடிக்கைப் பொருளாக்கினார். அவ்வாண்டிலேயே பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் 'கலைவாணர்' என்ற பட்டத்தைச் சூட்டினார்.

கதாநாயகனான விகடன்

1949ஆம் ஆண்டு வெளிவந்த 'நல்லதம்பி' அவரைக் கதாநாயகனாக்கியது. எழுதியவர் சி. என். அண்ணாதுரை, இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு. எதிர்பாராமல் பெருஞ் செல்வத்துக்கு உரிமையாளனான ஓர் எளியவன், அதை ஊர் நன்மைக்குப் பயன்படுத்த முனைவதே கதை. மதுவிலக்கு அதன் முக்கிய நோக்கம். அடுப்படியிலே வேகும் பெண்களுக்கு விஞ்ஞானம் ஓய்வு தர வேண்டும் என்ற கனவைப் பாட்டாகத் தந்ததும் இப்படமே. பொத்தானை அழுத்தினால் பலகாரம் வரவேண்டும் என்ற அன்றைய வேடிக்கை, இன்று கைப்பேசியிலே உணவு வரவழைக்கும் நம் மாணவர்களுக்கு வேடிக்கையாகவே தோன்றாது.

ஆசிரியன் என்ற முறையில் என்னை ஆட்கொண்டது அப்படத்தில் வரும் 'கிந்தனார்' காலட்சேபம். நந்தனார் சரித்திரத்தின் நடையை அடியொற்றி உடுமலை நாராயண கவியோடு சேர்ந்து அமைத்தது அது. நந்தனார் தில்லையைக் காண ஏங்கினார். கிந்தனோ பள்ளிக்கூடத்தைக் காண ஏங்குகிறான். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் படிப்பதா என்று ஊர் சீறுகிறது. அவன் பட்டணம் சென்று படித்து, பாடசாலைப் பரிசோதகராகத் திரும்பி வருகிறான். நகைப்புக்கு இடமாகிறவன் கிந்தனல்லன், அவனைத் தடுத்தவர்களே. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கியது 1970களிலேதான் என்பதை அறிந்த மலையகத்தவனுக்கு, 1949இல் எழுந்த அந்தச் சிரிப்பிலே கண்ணீரும் கலந்து தெரியும்.

இயக்குநர் நாற்காலியில்

1951ஆம் ஆண்டு 'மணமகள்', 1952ஆம் ஆண்டு 'பணம்' ஆகிய படங்களைக் கலைவாணர் இயக்கினார். இரண்டுக்கும் வசனம் மு. கருணாநிதி. முன்னதிலே லலிதா, பத்மினி சகோதரியர் நடித்தனர், இசை சி. ஆர். சுப்பராமன். பின்னதிலே, 'பராசக்தி' வெளிவந்து சில வாரங்களே ஆன சிவாஜி கணேசன் பத்மினியோடு நடித்தார். விசுவநாதன்–இராமமூர்த்தி என்ற இரட்டையர் பெயர் இசையமைப்பாளராக முதலிலே தோன்றியதும் 'பணம்' படத்திலேதான்.

சிரிப்பு நடிகர் ஒருவர் படம் இயக்கினால் அது முழுதும் சிரிப்புப் படமாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அவர் எடுத்துக்கொண்ட பொருள்களோ வேறு. பல பெண்களை மணந்து ஏமாற்றும் ஒருவனிடம் சிக்கும் மணமகளின் துயரம் ஒன்று. வரதட்சணைப் பேராசையால் வாழ்விழக்கும் பெண்ணின் துயரம் மற்றொன்று. இரண்டிலும் நடுவே நிற்பது பெண்ணின் கண்ணீர். சிரிப்பு அதைச் சுற்றி வேலி போல நிற்கிறதே அன்றி, அதன்மேல் ஏறி மிதிப்பதில்லை. சீதனப் பேச்சால் கலியாணம் குழம்பும் வீடுகள் நம் நாட்டிலும் இன்னும் உள்ளன. ஆகவே 'பணம்' நமக்குப் பழங்கதையன்று.

குறையே இல்லையென்று நான் வாதாடவில்லை. சில இடங்களிலே அறிவுரை மிகுந்து கதை தளர்கிறது. அக்கால நகைச்சுவைகளிற் சில இன்று நம் காதுக்கு ஒவ்வாமலும் இருக்கலாம். என்றாலும், சிரிக்க வைக்கும் ஆற்றலைப் பெற்ற ஒருவன் அதை யாருக்காகப் பயன்படுத்த வேண்டும் என்ற கேள்வியை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. 1956ஆம் ஆண்டு வந்த 'ராஜா ராணி'யிலே சிரிப்பின் வகைகளையே ஒரு பாட்டாக்கி, ஒவ்வொன்றையும் சிரித்துக் காட்டினார். தொல்காப்பியரின் வகுப்பறையை வெள்ளித் திரைக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்லத் தோன்றுகிறது.

கொடுத்துச் சிவந்த கை

அவர் கொடைக்கு எல்லையில்லை. காந்தியடிகள் மறைந்த பின் நாகர்கோவிலிலே தம் செலவில் நினைவுத் தூண் எழுப்பினார். கலைஞர்களுக்கும் ஏழைகளுக்கும் கணக்குப் பாராமல் வழங்கினார். சம்பாதித்தது மிகுதி; இறுதியிலே மிஞ்சியது சொற்பம். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், ஐம்பது வயதையும் எட்டாமல் மறைந்தார். அவர் நடித்த 'அம்பிகாபதி' அதன் பின்னரே வெளிவந்தது. சென்னைத் தியாகராய நகரிலே அவர் சிலையை 1969ஆம் ஆண்டு சனவரியில் முதலமைச்சர் அண்ணாதுரை திறந்து வைத்தார். நோய் முற்றியிருந்த நிலையில் அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுவே. மதுரம் அம்மையார் 1974இல் காலமானார்.

மீண்டும் அதே மேடை

இவ்வளவையும் என் மாணவர்களிடம் ஒரே நாளிற் சொல்லவில்லை. பாடம் முடிந்த பின், சில மாலை நேரங்களிலே கைப்பேசியிற் கிடைத்த பழைய காட்சிகளைக் காட்டி, சிறிது சிறிதாகப் பேசினேன். முதல் நாள் அவர்களுக்குச் சுவைக்கவில்லை. "மெதுவா போகுது சேர்" என்றார்கள். மூன்றாம் நாள், கிழவராக நடித்த அந்த மாணவனே, "இவர் யாரையும் அடிக்கவே இல்லையே சேர், எல்லா அடியையும் தானே வாங்குறாரே" என்றான். நான் பக்கம் பக்கமாகச் சொல்ல முயன்றதை அவன் ஒரு வரியிலே முடித்துவிட்டான். அதன் பின்னர்தான் சென்ற ஆண்டு நாடகத்தைப் பற்றி அவர்களிடம் பேசினேன். அந்த மாணவியின் பெயரைச் சொல்லவில்லை. ஒப்புதல் அளித்த என் பிழையை மட்டும் சொன்னேன்.

இவ்வாண்டு விழாவிலே நாடகம் இல்லை; வில்லுப்பாட்டு. கதையை அவர்களே எழுதினார்கள். பட்டணத்து ஆசிரியர் ஒருவர் மாணவனின் வீட்டைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போகிறார். சப்பாத்தும் குடையுமாகப் படியேறுகிறார். பாதி வழியிலே மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுகிறார். அட்டை கடித்ததும் அலறுகிறார். கால் ஊனமுற்ற ஒரு முதியவர் கோலூன்றி வந்து, அவரைக் கைப்பிடித்து மேலே அழைத்துச் செல்கிறார். ஆசிரியரின் நடையும், மூக்குக் கண்ணாடியை உயர்த்தும் வழக்கமும், வாக்கியத்துக்கு ஒரு தரம் "ஆகவே" என்று சொல்லும் பழக்கமும் என்னுடையவை! மண்டபம் சென்ற ஆண்டைவிடப் பலமாக அதிர்ந்தது.

நான் மேடையைப் பார்க்கவில்லை. இரண்டாம் வரிசையிலே இருந்த அந்த மாணவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரித்தாள். அதன் பிறகுதான் நானும் சிரித்தேன்.

வீட்டிலே பிள்ளைகள் வேடிக்கை பேசுவதையும் கைப்பேசியிலே வேடிக்கை பார்ப்பதையும் பெற்றோர் தடுக்க வேண்டியதில்லை. சிரிப்பில்லாத வீடு விளக்கில்லாத வீடு. ஆனால் ஒன்றை மட்டும் அவர்களுக்குக் கற்றுக் கொடுப்போம்: நாம் சிரிக்கும்போது, அந்தக் கூட்டத்திலே சிரிக்காமல் இருப்பவர் யார் என்று ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும். கலைவாணர் விட்டுச் சென்ற செல்வம் அதுவே.